தோள்மூட்டின் அசைவுகளும் நம் தோட்டத்துத் தோள்களும்



உடற்கல்வி வேளையில் திடலில் நின்றுகொண்டு நாம் நாள்தோறும் உரைக்கும் கட்டளைகள் சிலவே. கைகளை முன்னே நீட்டு. மேலே உயர்த்து. பக்கவாட்டில் விரி. வட்டமாகச் சுழற்று. மாணவர்களும் செய்கிறார்கள், நாமும் எண்ணிக்கை சொல்லிவிட்டு அடுத்த பயிற்சிக்குச் சென்றுவிடுகிறோம். இந்நான்கு கட்டளைகளுக்கும் உடலில் எந்த எலும்பு எழுகிறது, எந்த எலும்பு திரும்புகிறது என்று கேட்டால் ஆசிரியர் அறையில் சற்று நேரம் அமைதி நிலவும். ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் நாங்கள் பயின்ற காலத்தில் உடற்பயிற்சிகளின் வரிசைமுறை மனப்பாடமாக இருந்தது; மூட்டுகளோ குறிப்பேட்டில் அரைப் பக்கத்தில் முடிந்துவிட்டன.

தோள்மூட்டைப் பற்றி மட்டும் இங்கு எழுதுவதற்குக் காரணம் உண்டு. நம் பேராக் மாநிலத்துத் தமிழ்ப்பள்ளிகளில் பயிலும் பிள்ளைகள் பலரின் பாட்டியும் தாத்தாவும் தோளை நம்பிப் பிழைத்தவர்கள். பால்மரம் வெட்டிய தோள், காண்டா சுமந்த தோள், மருந்துப் பம்பு மாட்டிய தோள். சுங்கை சிப்புட், சிம்மோர், தஞ்சோங் ரம்புத்தான், பத்து காஜா வட்டாரங்களில் தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. பள்ளியின் பெயரில் மட்டும் தோட்டத்தின் பெயர் ஒட்டிக்கொண்டிருப்பதை நாம் காண்கிறோம். அந்தத் தோள்கள் இன்று அறுபது, எழுபது வயதைக் கடந்து வீட்டில் இருக்கின்றன. பெற்றோர் இருவரும் வேலைக்குச் செல்லும் வீடுகளில் பிள்ளைகளைக் குளிப்பாட்டித் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்புவதும் பல வேளைகளில் அவைதாம்.

முதலில் மூட்டின் அமைப்பைப் பார்ப்போம்.

இடுப்பு மூட்டும் தோள்மூட்டும் பந்துக்கிண்ண மூட்டு வகையைச் சேர்ந்தவை. ஆயினும் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு உண்டு. இடுப்பில் கிண்ணம் ஆழமானது. தொடை எலும்பின் தலை அதனுள் நன்றாக அமர்ந்திருக்கும். தோளில் கிண்ணம் ஆழமற்றது, சிறியது. மேற்கை எலும்பின் உருண்டைத் தலையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான பகுதியே ஒரு வேளையில் கிண்ணத்தைத் தொட்டு நிற்கிறது. மாணவர்களுக்கு விளக்கும்போது நான் தம்பூன் பம்பளிமாஸ் பழத்தை எடுத்துக்காட்டாகச் சொல்வதுண்டு. தேநீர்க் கோப்பைக்கு அடியில் வைக்கும் சிறு தட்டைச் சுவரோடு சாய்த்துப் பிடித்து, அதன்மேல் பம்பளிமாஸ் பழம் ஒன்றை ஒட்டி நிறுத்தினால் எப்படி இருக்குமோ அப்படித்தான் நம் தோள். பழம் எத்திசையிலும் உருளலாம். கீழேயும் விழலாம். உடலின் பெரிய மூட்டுகளுள் மிக எளிதாக இடம்பெயரக்கூடியது தோள்மூட்டே என்பதற்கு இவ்வமைப்பே காரணம்.

பழம் விழாமல் பிடித்து வைப்பது எலும்பன்று, தசையே. தோள்பட்டை எலும்பிலிருந்து புறப்பட்டு மேற்கை எலும்பின் தலையைச் சுற்றி நான்கு தசைகள் பற்றிக்கொண்டுள்ளன. இவற்றைச் சுழற்றுத் தசைகள் எனலாம். தோளின் வெளிப்புறத்தில் கொழுத்துத் தெரியும் பெரிய தசை கையை மேலே இழுக்கும்போது, இந்நான்கும் உருண்டைத் தலையைக் கிண்ணத்தோடு அழுத்திப் பிடிக்கின்றன. பிடிக்காவிட்டால் கை உயர்வதற்கு மாறாக உருண்டைத் தலை மேலேறித் தோளின் கூரையில் முட்டும். அந்தக் கூரைக்கும் உருண்டைத் தலைக்கும் இடையில் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் இடைவெளிதான் உண்டு. நான்கு தசைகளுள் மேலே உள்ளதன் நாண் அந்தச் சந்தில்தான் சென்று வருகிறது. தோள்வலி பலவற்றின் முகவரி இந்த ஒரு சென்டிமீட்டர்.

இன்னொரு செய்தி பலருக்கு வியப்பளிக்கும். கைக்கும் உடற்பகுதிக்கும் உள்ள எலும்புத் தொடர்பு ஒன்றே ஒன்றுதான்: காறை எலும்பு. அதுவும் நெஞ்செலும்போடு தொண்டைக் குழியருகே சிறு மூட்டாக முடிகிறது. தோள்பட்டை எலும்பு முதுகில் எந்த எலும்போடும் கோக்கப்படவில்லை. தசைகளின் மேல் மிதக்கிறது என்றே சொல்லலாம்.

இனி அசைவுகள். மருத்துவ நூல்களில் கலைச்சொற்கள் சிற்சில வேறுபாடுகளுடன் காணப்படுகின்றன. நான் வகுப்பில் பயன்படுத்தும் சொற்களையே இங்கும் பயன்படுத்துகிறேன்.

கையை முன்புறமாக உயர்த்துவது முன்மடக்கம். முழுமையாகச் செய்தால் 180 பாகை. கல்லுமலைக் கோயிலில் முருகன்முன் இரு கைகளையும் தலைக்குமேல் கூப்பி நிற்கும் நிலை அது. கையைப் பின்னால் கொண்டு செல்வது பின்நீட்டம். 45 முதல் 60 பாகையோடு நின்றுவிடும். கையைப் பக்கவாட்டில் உயர்த்துவது விலக்கம். இதுவும் 180 பாகை வரை செல்லும். மீண்டும் உடலோடு சேர்ப்பதும், நெஞ்சைத் தாண்டி மறுபக்கம் கொண்டு செல்வதும் நெருக்கம். இவை நான்கும் கண்ணுக்குத் தெரிபவை. பிள்ளைகள் உடனே செய்துவிடுவார்கள்.

மீதமுள்ள இரண்டும் மறைவானவை. அவையே முக்கியமானவை என்பது என் கருத்து. முழங்கையை விலாவோடு ஒட்டி மடக்கி வைத்துக்கொண்டு, முன்கையை வயிற்றின் பக்கம் திருப்புவது உட்சுழற்சி. வெளியே திருப்புவது வெளிச்சுழற்சி. மேற்கை எலும்பு தன் அச்சிலேயே உளியின் பிடிபோலத் திரும்புகிறது. பெண்கள் முதுகுப்புறம் கையைக் கொண்டு சென்று ரவிக்கைக் கொக்கி மாட்டுவது உட்சுழற்சியால். கையைப் பின்னந்தலைக்குக் கொண்டு சென்று கூந்தலை அள்ளி முடிவது விலக்கமும் வெளிச்சுழற்சியும் இணைந்ததால். ஆண்கள் கால்சட்டையின் பின்பையிலிருந்து பணப்பையை எடுப்பதும் உட்சுழற்சியே. இவை எல்லாம் வரிசையாகச் சேர்ந்து வருவதே நாம் திடலில் செய்விக்கும் வட்டச்சுழற்சி. அது தனி அசைவன்று.

இரண்டு சோதனைகளை வகுப்பறையில் செய்து காட்டலாம். கருவி எதுவும் வேண்டா.

முதல் சோதனை. பெருவிரல் தரையை நோக்கும்படி கையைத் திருப்பிக்கொண்டு, அப்படியே பக்கவாட்டில் உயர்த்தச் சொல்லுங்கள். தோள்மட்டத்தை எட்டியதும், அல்லது அதனைச் சற்றுக் கடந்ததும், கை இறுகி நின்றுவிடும். இப்பொழுது உள்ளங்கை வானத்தை நோக்குமாறு திருப்பச் சொல்லுங்கள். கை தடையின்றிக் காதுவரை எழும். காரணம் முன்னர் சொன்ன கூரைதான். மேற்கை எலும்பின் தலையருகே ஒரு புடைப்பு உண்டு. வெளிச்சுழற்சி நிகழ்ந்தால் அப்புடைப்பு கூரையின் அடியில் முட்டாமல் பின்னால் விலகிச் செல்லும்; நிகழாவிட்டால் முட்டும். கையை உயர்த்துவதற்கு அதனைத் திருப்பவும் தெரிய வேண்டும் என்பதை நான்காம் ஆண்டுப் பிள்ளைகள் இந்த ஒரு சோதனையில் புரிந்துகொள்கிறார்கள்.

இரண்டாம் சோதனை. ஒரு மாணவர் கையை மெதுவாகப் பக்கவாட்டில் உயர்த்த, மற்றவர் அவர் முதுகில் தோள்பட்டை எலும்பின் கீழ்முனையில் விரலை வைத்துப் பார்க்க வேண்டும். தொடக்கத்தில் முனை அவ்வளவாக அசையாது. கை மேலே செல்லச் செல்ல அது வெளிப்புறமாக நகர்வதை விரல் உணரும். 1944-ஆம் ஆண்டு இன்மன் முதலிய அமெரிக்க ஆய்வாளர்கள் இந்தக் கூட்டு அசைவை அளந்து எழுதினார்கள். மொத்தம் 180 பாகையில் ஏறத்தாழ 120 பாகை பந்துக்கிண்ண மூட்டுக்கும் 60 பாகை தோள்பட்டை எலும்பின் திருப்பத்துக்கும் உரியது. இரண்டுக்கு ஒன்று. ஆகவே பந்துக்கிண்ண மூட்டு முற்றிலும் இறுகிப்போனவர்கூடத் தோள்பட்டையைத் தூக்கியே கையை ஓரளவு உயர்த்திக் காட்டிவிடுவார். பார்ப்பவர்கள் ‘கொஞ்சம் வலி, அவ்வளவுதான்’ என்று எண்ணிக்கொள்வார்கள். காதை நோக்கித் தோள் எழும்புவதைக் கவனித்தால்தான் உண்மை விளங்கும்.

இனித் தோட்டத்திற்கு வருவோம்.

1877-ஆம் ஆண்டு சிங்கப்பூர் வழியாக வந்த ரப்பர்க் கன்றுகளுள் ஒன்பது கோலகங்சாரில் நடப்பட்டன. அவற்றுள் எஞ்சியது என்று காட்டப்படும் முதிய மரம் மாவட்ட அலுவலகத்தின் அருகே நிற்கிறது. பள்ளிச் சுற்றுலாவில் பிள்ளைகள் அதனடியில் நின்று படம் எடுத்துக்கொள்வது வழக்கம். ஆனால் நம் மக்களின் தோளைத் தீர்மானித்தது அந்த மரம் வந்த ஆண்டைவிட, மரத்தை வெட்டும் முறை கண்டறியப்பட்ட காலம் என்றே சொல்வேன். சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் இயக்குநராக இருந்த எச்.என். ரிட்லி 1890-களில் செய்த சோதனைகளில், மரத்தைக் கண்டபடி கொத்தாமல், ஒரே காயத்தின் விளிம்பை மெல்லிய சீவலாகத் திரும்பத் திரும்பச் சீவினால் பால் தொடர்ந்து கிடைக்கும், மரமும் பிழைக்கும் என்று காட்டினார். மரம் பிழைத்தது. ஆனால், திரும்பத் திரும்பச் சீவுவதற்கு ஒரு தோள் வேண்டுமல்லவா?

பட்டையில் பால்குழாய்கள் நேர்செங்குத்தாக இல்லாமல் சற்றுச் சாய்ந்து செல்கின்றன. ஆகவே இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழாக, ஏறத்தாழ 30 பாகைச் சாய்வில் கோடு இழுத்தால் மிகுதியான குழாய்கள் அறுபடும். சீவலின் தடிப்பு ஒன்று அல்லது ஒன்றரை மில்லிமீட்டர். சற்று ஆழமாகப் போனால் உள்ளே வளர்படை புண்பட்டுவிடும். கங்காணியின் ஏச்சும் கிடைக்கும். வலிமையும் மென்மையும் ஒருங்கே வேண்டிய அசைவு இது. பெரிய தசை கையைத் தாங்கி நிற்க, சுழற்றுத் தசைகள் உளியின் ஒவ்வோர் இழுப்பையும் அளந்து கொடுக்கின்றன. ஒரு மரத்துக்குப் பத்து இழுப்பு என்று குறைத்தே கணக்கிட்டாலும் நானூறு மரங்களுக்கு நாலாயிரம் இழுப்பு. விடியுமுன் பிரட்டுக்களம், பிறகு நிரை நிரையாக மரங்கள், வெயில் ஏறியதும் மங்குகளிலிருந்து பால் எடுத்தல். இதனை ஆண்டுக்கணக்கில் பெருக்கிப் பார்க்கும் வேலையைக் கணித ஆசிரியர்களிடம் விட்டுவிடுகிறேன்.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். புதிதாக வெட்டத் தொடங்கும் மரத்தில் கோடு நெஞ்சு மட்டத்திலோ அதற்கு மேலோ இருக்கும். சீவச் சீவ, ஆண்டுதோறும் கோடு கீழே இறங்கும். சில ஆண்டுகளில் குனிந்து முழங்கால் உயரத்தில் வெட்ட வேண்டி வரும். பிறகு மறுபக்கப் பட்டை, மீண்டும் மேலிருந்து. கீழ்ப்பட்டை எல்லாம் தீர்ந்த முதிய மரமானால் ஏணி வைத்தோ நீண்ட பிடியுள்ள உளியாலோ தலைக்குமேல் வெட்ட வேண்டும். தோள் எந்தப் பாகையில் உழைக்க வேண்டும் என்பதை மரத்தின் வயதே முடிவு செய்தது. நெஞ்சு மட்டத்தில் வெட்டும்போது அந்த ஒரு சென்டிமீட்டர்ச் சந்து தாராளமாக இருக்கிறது. தலைக்குமேல் வெட்டும்போது நெருக்குண்கிறது. முதிய மரங்களை வெட்டிய காலத்தில்தான் தோள் விட்டுப்போனது என்று முன்னாள் தொழிலாளர்கள் சொல்வதைக் கேட்கும்போது, அவர்கள் பாடநூல் படிக்காமலேயே உடற்கூற்றியல் பேசுகிறார்கள் என்று தோன்றும்.

காண்டா சுமப்பது வேறு வகை. கழியின் இரு முனைகளில் வாளிகள், நடுப்பகுதி தோளில். இங்கே பந்துக்கிண்ண மூட்டுக்கு அவ்வளவாக வேலையில்லை. கழுத்திலிருந்து தோளுக்கு இறங்கும் தசை தோள்பட்டையைத் தூக்கிப் பிடிக்க, பளு காறை எலும்பின் வழி நெஞ்செலும்புக்குச் செல்கிறது. அதனால்தான் காண்டா தூக்கியவர்களுக்கு வலி கழுத்தோரத்திலும், உளி பிடித்தவர்களுக்கு வலி மேற்கையின் வெளிப்புறத்திலும் இருப்பதைப் பெரும்பாலும் காண்கிறோம். செம்பனை வந்தபின் நெடுங்கழியில் அரிவாள் கட்டித் தலைக்கு மேலே குலை அறுக்கும் வேலை வந்தது. அந்தத் தோள்வலி இன்று பெரும்பாலும் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்களுக்கு உரியதாகிவிட்டது. அவர்களுடைய பேரப்பிள்ளைகளைப் பற்றி அங்குள்ள ஆசிரியர் ஒருவர் என்றாவது எழுதக்கூடும்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி தலை வாராமலேயே பள்ளிக்கு வருவாள். கூந்தல் நீளம், ரப்பர் வளையம் ஒன்றில் அரைகுறையாகச் சுற்றப்பட்டிருக்கும். கட்டொழுங்கு மாணவர்கள் அவள் பெயரை அடிக்கடி எழுதினார்கள். ‘சடை பின்னி அனுப்பவும்’ என்று குறிப்பேட்டில் எழுதியும் பயனில்லை. தேர்ச்சி அறிக்கை வழங்கும் நாளில் அவளுடைய பாட்டி வந்திருந்தார். நாற்காலியில் அமர்ந்தபோது வலக்கையை இடக்கையால் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். நான் அதைப் பார்த்துவிட்டேன் என்று அறிந்ததும் அவரே சொன்னார்.

“கை மேல வரமாட்டேங்குது டீச்சர். பால்மரம் வெட்டுன கைதானே. இருபத்தெட்டு வருசம். வயசும் ஆச்சு. இனிமே என்ன பண்றது?”

“எவ்வளவு நாளா பாட்டி இப்படி இருக்கு?”

“தீபாவளிக்கு முன்னாடி நல்லாத்தான் இருந்திச்சு.”

அந்த இரண்டாவது பதில்தான் என்னை நிறுத்தியது. இருபத்தெட்டு ஆண்டு வெட்டிய தோள், வேலையை விட்டுப் பதினைந்து ஆண்டுகள் கழித்து, ஒரு தீபாவளியில் திடீரென்று ஏன் பூட்டிக்கொள்ள வேண்டும்? நான் மருத்துவரல்லள். ஆயினும் வகுப்பில் செய்யும் சோதனையை அவரிடம் செய்து பார்த்தேன். இரு முழங்கைகளையும் விலாவோடு ஒட்டி வைத்து, கதவு திறப்பதுபோல் முன்கைகளை வெளியே திருப்பச் சொன்னேன். இடக்கை நன்றாகத் திரும்பியது. வலக்கை நேரே முன்னால் நின்றதோடு சரி. அவருடைய அனுமதியோடு மெதுவாக நானே திருப்பிப் பார்த்தேன். பூட்டிய கதவு போல நின்றது.

இங்கேதான் அசைவுகளைப் பற்றிய அறிவு உதவுகிறது. சுழற்றுத் தசையின் நாண் கிழிந்திருந்தால், கையைத் தானே உயர்த்த இயலாமற்போகலாம். ஆனால் பிறர் தூக்கினால் கை பெரும்பாலும் எழும். மூட்டைச் சுற்றியுள்ள உறை வீங்கிச் சுருங்கி இறுகியிருந்தால், தானும் தூக்க இயலாது, பிறரும் தூக்க இயலாது. வெளிச்சுழற்சி மற்ற அசைவுகளுக்கு முன்னதாகவே குறையும். இதனையே உறைந்த தோள் என்கிறார்கள். பாஸ்டன் நகரத்து அறுவை மருத்துவர் காட்மன் 1934-ஆம் ஆண்டு இட்ட பெயர் அது. சீன மொழியில் இதற்கு ‘ஐம்பது வயதுத் தோள்’ என்று பொருள்படும் பெயர் உண்டு. பொருத்தமான பெயர்தான், நாற்பதுக்கும் அறுபதுக்கும் இடைப்பட்டவர்களிடமே, அதிலும் பெண்களிடமே, இது மிகுதி. பாட்டி அறுபதைச் சற்றுக் கடந்தவர்.

நீரிழிவு உள்ளவர்களுக்கு இது மற்றவர்களைவிடப் பன்மடங்கு மிகுதியாக வருகிறது. இரத்தத்தில் மிகுந்த சர்க்கரை மூட்டுறையின் நார்ப்பொருளோடு ஒட்டி அதனை விறைப்பாக்குகிறது என்று கருதப்படுகிறது. நம் நாட்டில் 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பது தெரியவந்தது. இந்தியர்களிடையே அது ஏறத்தாழ 31 விழுக்காடு. அவர்களுள் பலருக்குத் தங்களுக்கு நோய் இருப்பதே தெரியாது. ஆகவே நம் வீட்டுப் பெரியவர் ஒருவருக்குக் காரணமின்றித் தோள் இறுகினால் முதலில் இரத்தத்தில் சர்க்கரையைப் பார்ப்பது நன்று. பாட்டிக்கும் அப்படித்தான். அரசாங்க மருந்தகத்தில் பார்த்தபோது சர்க்கரை மிகுந்திருந்தது. அதுவரை அவர் ஒருநாளும் சோதித்துக்கொண்டதில்லை. தோளால் அது வெளிவந்தது.

என் மனத்தை உறுத்தியது ஒன்றுண்டு. ‘பால்மரம் வெட்டுன கைதானே’ என்ற அந்த விளக்கம். நம் மக்கள் உடம்பில் எந்த வலி வந்தாலும் அதனை உழைப்பின் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். அதில் ஒரு பெருமையும் இருக்கிறது. அந்தப் பெருமையை மறுப்பதற்கு எனக்கு உரிமையில்லை. உண்மையிலேயே உழைப்பால் தேய்ந்த நாண்கள் பல உண்டு. ஆனால் உழைப்பின்மேல் போட்டுவிட்டால் மருத்துவம் பார்க்கத் தேவையில்லை என்றாகிவிடுகிறது. வலியோடு பெருமையும் வீட்டிலேயே தங்கிவிடுகிறது. பாட்டியின் கையை யாரோ ஒருவர் உருவிவிட்டு, அசைக்காமல் துணியில் கட்டித் தொங்கவிடச் சொல்லியிருந்தார். இறுகும் தோளுக்கு அது கேடு. அசையாத மூட்டுறை மேலும் சுருங்கும். வலுக்கட்டாயமாக இழுத்து ‘சொடுக்கு’ எடுப்பதும் கேடுதான். வீங்கிய உறை மேலும் புண்படும். எண்ணெய் தேய்ப்பதை நான் குறை சொல்லவில்லை. இழுப்பதைத்தான் சொல்கிறேன்.

உறைந்த தோள் பெரும்பாலும் மூன்று கட்டங்களாகச் செல்லும். சில மாதங்கள் வலி மிகும். இரவில் அந்தப் பக்கம் சாய்ந்து படுக்க இயலாது. பிறகு வலி குறைந்து இறுக்கம் மிகும். அதன்பின் மெல்ல மெல்ல இளகும். எல்லாம் முடிய ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை ஆகலாம். மருந்து, சிலருக்கு மூட்டில் ஊசி, எல்லாவற்றுக்கும் மேலாக முறையான பிசியோதெராபி. மருத்துவமனையில் கற்றுக்கொடுத்த பயிற்சிகளுள் பாட்டிக்குப் பிடித்தது ஊசலாட்டம். காட்மனின் பெயராலேயே அது அழைக்கப்படுகிறது. நல்ல கையை மேசையில் ஊன்றி முன்னால் குனிந்து, வலிக்கும் கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு, உடலை அசைத்துக் கையைச் சிறு வட்டமாக ஆடவிடுவது. கையின் எடையே மூட்டை மெல்ல இழுத்துக்கொடுக்கும், தசைகள் எதிர்க்காது.

இதற்கிடையில் சடைக்கு என்ன செய்வது? ஓராண்டு காத்திருக்க முடியாதே. நான் சொன்ன யோசனை எளிமையானது. பேத்தியை நிற்கவைத்துப் பின்னும்போது பாட்டியின் முழங்கை தோள்மட்டத்துக்கு எழ வேண்டியிருந்தது. பாட்டி நாற்காலியில் அமர, பேத்தி அவர் கால்களுக்கிடையே தரையில் அமர்ந்தால் சிறுமியின் தலை பாட்டியின் மடி உயரத்துக்கு வந்துவிடும். முழங்கை விலாவை விட்டு அதிகம் விலக வேண்டியதில்லை. வெளிச்சுழற்சியும் வேண்டா. மரத்தில் கோடு கீழே இறங்கிய காலத்தைப்போல என்று சொன்னேன். பாட்டிக்கு உடனே விளங்கிவிட்டது. என்னைவிட நன்றாகவே விளங்கியது. மறுவாரம் மாணவி இரட்டைச் சடையோடு வந்தாள். ஒன்று சற்றுக் கோணல்.

ஆசிரியர்களாகிய நாமும் தப்பிவிடவில்லை. வெண்பலகையின் மேல்விளிம்பில் தேதியும் நாளும் எழுதுவதற்குக் கையை ஒவ்வொரு நாளும் எத்தனை முறை தலைக்குமேல் உயர்த்துகிறோம்! கண்மட்டத்துக்குக் கீழே எழுதப் பழகலாம். பின்வரிசை மாணவர்களுக்குத் தெரியவில்லை என்றால் அவர்களைத்தான் முன்னால் அழைக்க வேண்டும். பக்கவாட்டில் உயர்த்தும்போது 60 பாகைக்கும் 120 பாகைக்கும் இடையில் மட்டும் வலித்து, அதற்குமேல் வலி குறைந்தால் அது அந்தச் சந்தில் நாண் நெருக்குண்பதன் அடையாளமாக இருக்கலாம். நெஞ்சு இறுக்கம், வியர்வை, மூச்சுத் திணறல் ஆகியவற்றோடு இடத்தோளில் வலி வந்தால் அசைவுகளைச் சோதித்துக்கொண்டிராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அது இதயத்தின் செய்தியாக இருக்கலாம்.

பெற்றோர்களுக்கு ஒன்று. சிறு பிள்ளைகளை ஒரு கையைப் பற்றிச் சரேலென்று தூக்காதீர்கள். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு அதனால் பெயர்வது பெரும்பாலும் தோளன்று, முழங்கை. முன்கை எலும்பின் தலை தன் வளையத்திலிருந்து நழுவிவிடும். பிள்ளை அழுதுகொண்டு கையை அசைக்க மறுக்கும். தூக்குவதானால் இரு அக்குள்களிலும் கை கொடுத்துத் தூக்குங்கள். புத்தகப் பையை ஒரு தோளில் மாட்டும் பழக்கத்தைப் பற்றி ஏற்கெனவே நிறையப் பேசியாகிவிட்டது, நான் நீட்டவில்லை.

திடலில் நான் செய்துகொண்ட மாற்றம் சிறியது. கைகளை மேலே உயர்த்தச் சொல்லுமுன் ‘உள்ளங்கையைத் திருப்பு’ என்று ஒரு சொல் சேர்த்துக்கொள்கிறேன். வட்டச்சுழற்சியை வேகமாகச் செய்ய விடுவதில்லை. நான்காம் ஆண்டு மாணவர்களுக்கு வீட்டுப்பாடமாக ஒன்று தருவதுண்டு: வீட்டிலுள்ள பெரியவர்களிடம் மூன்று செயல்களைச் செய்து காட்டச் சொல்ல வேண்டும். இரு கைகளையும் தலைக்குமேல் கூப்புதல், கையைப் பின்னந்தலையில் வைத்தல், முதுகுக்குப் பின்னால் கட்டைவிரல் எவ்வளவு உயரம் எட்டுகிறது என்று பார்த்தல். இயலாததை மட்டும் குறித்து வர வேண்டும். காரணம் எழுத வேண்டா. சென்ற முறை ஒரு மாணவன், தன் தாத்தாவின் இடத்தோளில் காண்டா அழுத்திய இடத்தில் தோல் காய்த்துத் தடித்திருப்பதாகவும், ஆனால் மூன்று செயல்களையும் தாத்தா தன்னைவிட நன்றாகச் செய்ததாகவும் எழுதி வந்தான். அடியில் ஒரு வரி: ‘அப்பாவால்தான் முதுகுக்குப் பின்னால் கை கொண்டு செல்ல முடியவில்லை.’ அப்பா ஈப்போவில் லாரி ஓட்டுநர், நாற்பத்தாறு வயது. மறுநாள் காலையில் அவரைத் தொலைபேசியில் அழைத்து, சர்க்கரை பார்த்து எவ்வளவு நாளாயிற்று என்று கேட்டேன்.